பதினெட்டு மீட்டருக்குக் கீழே

தூத்துக்குடி
பிப்ரவரி 3, 2025

அத்தான்,

உங்கள் அம்மா எழுதுவதுபோல் 'கர்த்தருக்குள் பிரியமான' என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன். கோபம் இன்னும் ஆறாமல் இருக்கும்போது அப்படி எழுதினால் பொய்யாகப் படும். அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

போனில் பேசினால் நாம் இரண்டு பேருமே கத்துகிறோம். கடிதத்தில் ஒருவர் சொல்லி முடிக்கும்வரை மற்றவர் குறுக்கே விழ முடியாது. அதற்காகத்தான் இது. பதில் போடுவதும் போடாததும் உங்கள் இஷ்டம்.

சென்னை டிசைன் ஆபீஸுக்கு மாற்றலை ஒப்புக்கொண்டு, வீட்டுக்கு அட்வான்ஸும் கொடுத்துவிட்டு, அதற்குப் பிறகு என்னிடம் சொன்னீர்கள். நான் இங்கே மண் ஆய்வு வேலைக்கு வருவதாக வாக்குக் கொடுத்திருந்தது உங்களுக்குத் தெரியும். நான் கேட்பது அந்த ஒன்றைத்தான். ஏன் முதலில் சொல்லவில்லை? மற்றதெல்லாம் அன்றைக்கு வாய்க்கு வந்தது.

நான் இருப்பது கடற்கரை ரோட்டில் எமில்டா அக்கா வீட்டு மாடி. ஜன்னலைத் திறந்தால் துறைமுகத்துக் கிரேன்கள் தெரியும். காற்று திரும்பினால் நிலக்கரித் தூள் வந்து மேசையில் படியும். வேலை வேப்பலோடைப் பக்கம், உப்பளங்களுக்கு நடுவில். சென்னையிலிருந்து வரும் நம்முடைய அதிவேக ரயில், விளாத்திகுளம் தாண்டியதும் தரையை விட்டு உயர்ந்து, தூத்துக்குடி வரைக்கும் தூண்கள் மேல்தான் ஓடப்போகிறது. அந்தத் தூண்களை வரைகிறவர் நீங்கள். அவை நிற்கப்போகும் மண்ணைப் பார்க்கிறவள் நான். எனக்கு முன்னால், போன வருஷமே வேறொரு குழு இந்தப் பகுதி முழுக்கத் துளை போட்டுவிட்டுப் போயிருக்கிறது. அங்கங்கே மறுபடி துளையிட்டு, அவர்கள் சொன்னது சரிதானா என்று பார்ப்பது மட்டும்தான் என் வேலை.

அவர்கள் எடுத்து வைத்த மண் பெட்டிகளை நேற்று வரிசையாகத் திறந்து பார்த்தேன். எல்லாத் துளையிலும் பதினெட்டு மீட்டர் பக்கத்தில் பாறை. ஒவ்வொரு பெட்டியிலும் கையளவு ஒரு துண்டு, அத்தோடு பெட்டி முடிகிறது. ஆறு கடலில் விழுகிற இடத்துப் பூமி இவ்வளவு மட்டமாகவா இருக்கும்? அந்தத் துண்டும் கருங்கல் இல்லை. மணலும் சிப்பித் தூளும் சேர்ந்து இறுகிய கல். அதைப் பார்த்ததிலிருந்து அதன் அடியில் என்ன இருக்கும் என்றே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

உப்பளத்துக்காரர் சிவனணைந்தபெருமாள் அண்ணாச்சி தினமும் குடை பிடித்துக்கொண்டு வந்து வேலையைப் பார்ப்பார். இன்று கேட்டார்: "ஏம்மா, லேசா ஒரு நெளி நெளிஞ்சு எம் பாத்தியைத் தாண்டிப் போனா, ரயிலுக்கு என்ன கொறைஞ்சு போவும்?" நான் சொன்ன பதில் எனக்கே திருப்தியாக இல்லை. நீங்கள் நன்றாகச் சொல்வீர்கள். அவருக்காகவாவது எழுதுங்கள்.

ஜெப்ஸி


சென்னை
பிப்ரவரி 11, 2025

ஜெப்ஸி,

கடிதம் கிடைத்தது.

முதலில் அண்ணாச்சியின் கேள்வி. பைக்கில் வேகமாக வருகிறவன் வளைவில் எப்படிச் சாய்கிறான் என்று அவர் பார்த்திருப்பார். மணிக்கு முந்நூறு கிலோமீட்டர் போகும் ரயிலுக்கு வளைவு வேண்டுமென்றால், அந்த வளைவு ஒரு ஊரைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். அவருடைய பாத்தியைத் தாண்டிப் போக, விளாத்திகுளத்திலேயே நெளிய ஆரம்பிக்க வேண்டும். அங்கே வேறொரு அண்ணாச்சி குடை பிடித்துக்கொண்டு வந்து இதே கேள்வியைக் கேட்பார்.

இரண்டாவது, பாறை. இறுகிய மணற்கல்லும் கல்தான். பைல்கள், அதாவது தூணுக்கு அடியில் நாம் மண்ணுக்குள் இறக்கும் கான்கிரீட் கால்கள், அதன்மேல் ஊன்றி நிற்கின்றன. தாங்கும் என்று கணக்கு சொல்கிறது. சந்தேகம் இருந்தால் ஆபீஸ் வழியாக எழுதிக் கொடு. மனைவியின் தபாலில் மண் அறிக்கை வாங்கினேன் என்று பெயர் எடுக்க எனக்கு விருப்பமில்லை.

மூன்றாவது. ஏன் முதலில் சொல்லவில்லை என்று கேட்டிருக்கிறாய். சொல்லியிருந்தால் நீ வேண்டாம் என்றிருப்பாய். அதனால்தான் சொல்லவில்லை. இதை எழுதும்போது எவ்வளவு மோசமாக இருக்கிறது என்று எனக்கும் தெரிகிறது. ஆனாலும் நீ வருவாய் என்றுதான் நினைத்தேன். இந்த வீட்டுச் சமையலறை ஜன்னல் கிழக்கே பார்க்கிறது. உனக்குக் காலை வெயில் பிடிக்கும் என்று தேடி எடுத்த வீடு.

கிருபாநிதி

பி.கு. அந்தக் கல்துண்டைத் தண்ணீரில் ஊறப் போட்டால் உதிர்கிறதா? சும்மாதான் கேட்கிறேன்.


தூத்துக்குடி
பிப்ரவரி 24, 2025

அத்தான்,

உதிரவில்லை. நல்ல கெட்டி. ஆனால் விஷயம் அதுவல்ல.

வியாழக்கிழமை முதல் துளை போட்டோம். இயந்திரத்தை ஓட்டுகிறவர் சுடலைக்கண்ணன் அண்ணன். போன வருஷம் வந்த குழுவிலும் அவர் இருந்திருக்கிறார். பதினெட்டாவது மீட்டரில் பாறை தட்டியது. இயந்திரம் பல்லைக் கடிப்பதுபோல் ஒரு சத்தம். அவர் விசையைக் குறைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நிப்பாட்டிரட்டுமா மேடம்?"

"ஏன்?"

"அப்போ வந்தவுக அப்படித்தான் சொன்னாவ. பாறை தட்டுனா அரை மீட்டர் பாத்துட்டு அடுத்த எடத்துக்குப் போயிரணும்னு."

"இன்னைக்கு நிப்பாட்ட வேண்டாம் அண்ணே. போய்க்கிட்டே இருங்க."

"எது வரைக்கும்?"

"எனக்கும் தெரியலையே."

அவர் சிரித்துவிட்டு மறுபடி ஓட்டினார். அரை மீட்டர், ஒரு மீட்டர், ஒன்றரை. கல் துண்டு துண்டாக வந்தது. இரண்டு மீட்டரை நெருங்கும்போது சத்தம் சட்டென்று மாறியது. இரும்புக் கம்பி ஒரு முறை ஆடியது. பிறகு யாரும் அழுத்தாமல், சுத்தியல் ஒரு அடியும் விழாமல், தன் பாரத்திலேயே இறங்க ஆரம்பித்தது.

"ஏ, ராடு தானா போவுது! பிடிக்கேன், நிக்க மாட்டேங்கு!" என்று அவர் கத்தினார். வேலையாட்கள் நாலு பேரும் ஓடி வந்து நின்றார்கள். அண்ணாச்சி குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். தேன் நிரம்பிய பெரிய கண்ணாடிக் குடுவைக்குள் ஸ்பூன் இறங்குவதுபோல் அவ்வளவு நிதானமாக அந்தக் கம்பி பூமிக்குள் போவதை எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

மேலே வந்தது நீலம் கலந்த சாம்பல் நிறக் களிமண். கடல் வற்றும் நேரத்தில் பழைய துறைமுகத்துப் பக்கம் ஒரு வாடை வருமே, அதே வாடை. அதற்குள் சிப்பிகள். உடையாமல், இரண்டு ஓடும் மூடியபடி. ஒன்றைக் கழுவித் திறந்தேன். உள்பக்கம் வெயிலில் பளபளவென்றது. கல்லூரியில் கடல் உயிரியல் நடத்தி ஓய்வு பெற்ற பிளாரன்ஸ் மேடம் எங்கள் தெருவில்தான் இருக்கிறார். அவரிடம் கொண்டு போனேன். கண்ணாடியைப் போட்டுப் பார்த்தவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "முத்துச்சிப்பிதான் ஜெப்ஸி. எங்கே குளிச்சு எடுத்தே?" என்றார். உப்பளத்தில் என்றேன். நம்பவில்லை. மறுநாள் ஆட்டோ பிடித்து வந்து நேரில் பார்த்துவிட்டுத்தான் போனார்.

அத்தான், நாம் பாறை என்று நினைத்தது பால் மேல் படிந்த ஆடை. உங்கள் பைல்கள் அந்த ஆடையில்தான் கால் ஊன்றி நிற்கின்றன.

திட்ட மேலாளர் தேவபிரசாதம் சாரிடம் அன்றைக்கே முறைப்படி எழுதிக் கொடுத்துவிட்டேன். நீங்கள் சொன்னதற்காக இல்லை. எப்படியும் கொடுத்திருப்பேன்.

கிழக்கு ஜன்னலைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அதைப் படித்த அன்று எனக்குச் சரியாகச் சாப்பிட முடியவில்லை. அதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

ஜெப்ஸி


சென்னை
மார்ச் 5, 2025

ஜெப்ஸி,

தேவபிரசாதம் சார் போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டுப் பேசிக்கொண்டிருந்தோம், என் குழுவே சுற்றி உட்கார்ந்திருந்தது. "கிருபா, உங்க வீட்டுச் சண்டைய எங்க உப்பளத்துல வந்து போடாதீங்க" என்றார். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் பரவாயில்லை.

ஒரு துளை. ஒரே ஒரு துளையை வைத்துக்கொண்டு நீ பேசுகிறாய். பாறையில் அந்த இடத்தில் மட்டும் ஒரு பொந்து இருந்திருக்கலாம். அடுத்த மாதம் அங்கே முதல் பைல் இறக்க வேண்டும். எல்லா ஏற்பாடும் முடிந்துவிட்டது. இரண்டு வருஷமாக நான் இதைத் தவிர வேறு எதையும் நினைக்கவில்லை, உன்னைக்கூட. நீயே அதைச் சொல்லியிருக்கிறாய்.

நீ இதைச் செய்வது மண்ணுக்காகவா, என்னைத் தோற்கடிக்கவா? கேட்கக் கூடாதுதான். கேட்டுவிட்டேன்.

ஞாயிறு.

மேலே இருப்பதைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுதலாம் என்று நினைத்தேன். கிழித்தால் நான் அப்படி நினைக்கவே இல்லை என்றாகிவிடும். இருக்கட்டும்.

இன்று ஆராதனைக்குப் போகவில்லை. உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நீ சொல்வதுபோல் கல் இரண்டு மீட்டர்தான், கீழே களிமண் என்றே வைத்துக்கொண்டேன். தூண் விழாது. அது பயமில்லை. மெதுவாக இறங்கும். ஒன்று இறங்கும், பக்கத்தில் இருப்பது இறங்காது. பழைய பாதை என்றால் ஜல்லியைக் கூட்டிக் குறைத்து மட்டத்துக்குக் கொண்டுவரலாம். இங்கே தண்டவாளம் கான்கிரீட்டிலேயே பதிந்திருக்கிறது. ஒரு தூண் விரல் தடிமன் இறங்கினால்கூட, அந்த வேகத்தில் வருகிற வண்டிக்கு

வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. கணக்கையும் முடிக்க முடியவில்லை. உன் களிமண் எவ்வளவு இளக்கம் என்று எனக்குத் தெரியாது. எண்களாக எழுதாதே. கொஞ்சம் அனுப்பு. கையில் தொட்டுப் பார்க்க வேண்டும்.

கிருபாநிதி


தூத்துக்குடி
மார்ச் 22, 2025

அத்தான்,

உங்கள் கேள்வியைப் படித்துவிட்டு மொட்டை மாடியில் போய் வெகு நேரம் நின்றேன். கோபத்தில் அப்போதே பதில் எழுதியிருந்தால் அது வேறு மாதிரி இருந்திருக்கும். பிறகு, கேட்கப்பட்ட கேள்விக்கு உண்மையான பதில் என்ன என்று என்னையே கேட்டுப் பார்த்தேன்.

பதில் இது: ராடு தானாக இறங்கிய அந்த நிமிடத்தில் எனக்கு உங்கள் ஞாபகமே இல்லை. அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்கிற ஆசை ஒன்றுதான் இருந்தது. கண்காட்சியில் கூடாரத்துக்கு வெளியே நிற்கிற பிள்ளைக்கு இருக்குமே, அப்படி. உங்கள் பைல் அதற்கப்புறம்தான் ஞாபகம் வந்தது. வந்த உடனே அறிக்கை எழுத உட்கார்ந்தேன். இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

களிமண் இத்துடன் வருகிறது. குழாயோடு வெட்டி, இரண்டு முனையிலும் மெழுகு ஊற்றி மூடியிருக்கிறேன். மெழுகை எமில்டா அக்கா அடுப்பில்தான் உருக்கினேன். "ஏளா, அடுப்புல மெழுகு, கட்டிலுக்கடியில சேறு. ஒன்னயக் கட்டுனவன் பாவம்ளா" என்றார். தபால் ஆபீஸில் உள்ளே என்ன என்று கேட்டார்கள். மண் என்றேன். "மெட்ராஸ்ல மண்ணுகூடவா கெடையாது?" என்று அந்த அம்மா கேட்க, வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

இனி மற்ற விஷயம். பொந்தாக இருக்கலாம் என்று எழுதியிருந்தீர்கள். நியாயமான சந்தேகம். அதனால் அந்த உப்பளத்தின் பழைய வான்படங்களைத் தேடிப் பார்த்தேன். பாத்திகளுக்குக் குறுக்கே, அரிவாள் போல் வளைந்த ஒரு கறுத்த பட்டை தெரிகிறது. மழைக்காலத்தில் அங்கே மட்டும் தண்ணீர் வடியத் தாமதமாகும் என்று அண்ணாச்சியும் சொன்னார். கடல் ஒரு காலத்தில் அந்த வழியாக நிலத்துக்குள் கை நீட்டியிருக்க வேண்டும் என்று எனக்குப் பட்டது. பட்டால் போதாதே. இயந்திரத்தைத் திங்கட்கிழமைக்குள் வேறு பகுதிக்கு அனுப்பச் சொல்லி உத்தரவு வந்துவிட்டது. அதற்குள் இரண்டு துளைகள் போட முடிந்தது. ஒன்று பட்டைக்குள்ளே, ஒன்று வெளியே.

வெளியே போட்டதில், மணற்கல்லைத் தாண்டியதும் நேரே கருங்கல். உங்கள் பைல் அங்கே நூறு வருஷம் நிற்கும். உள்ளே போட்டதில் ராடு மறுபடியும் தானாக இறங்கியது. எங்களிடம் இருந்த கம்பிகள் தீரும்வரை அடி தட்டவில்லை.

அண்ணாச்சிக்குச் செய்தி எட்டிவிட்டது. "அப்பம் எம் பாத்திக்கு அடியில ஒரு கடலே கெடக்குன்னு சொல்லுதிய! அதுல எனக்கு பாத்தியதை உண்டுமா?" என்று கேட்டார். விளையாட்டுக்கா நிஜத்துக்கா என்று அவர் முகத்திலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை.

தேவபிரசாதம் சார் அறிக்கையை வாங்கி மேசையில் வைத்தார். பிரிக்கவில்லை. என் ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது, நீட்டிக்கும் எண்ணம் இல்லை என்றார். கத்தவெல்லாம் இல்லை. தண்ணீர்கூடக் கொடுத்தார். முதல் பைல் தள்ளிப்போனால் அவர் யார் யாரிடம் போய் நிற்க வேண்டுமோ, அந்த முகங்கள்தான் அவர் கண்ணில் தெரிந்தன.

அறிக்கையின் நகல் ஒன்றை உங்கள் ஆபீஸுக்கும் முறைப்படி அனுப்பிவிட்டேன். நான் செய்யக்கூடியது முடிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

ஜெப்ஸி


சென்னை
ஏப்ரல் 4, 2025

ஜெப்ஸி,

குழாயை ஆபீஸிலேயே திறந்தேன். அறை முழுக்க மீன் சந்தை. வெட்டி எடுத்த துண்டைக் கட்டைவிரலால் அமுக்கினேன். அமுக்கினேன் என்றுகூடச் சொல்லக் கூடாது, வைத்தேன். விரல் உள்ளே போய்விட்டது.

அதற்கு மேல் கணக்குப் போட வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் போட்டேன். மூன்று தடவை. மூன்றிலும் ஒரே விடை.

செவ்வாய்க்கிழமை கூட்டத்தில் உன் மூன்று துளைகளின் அறிக்கையோடு அந்தக் களிமண்ணையும் கொண்டு போனேன். தலைமைப் பொறியாளர் முன்னால், வேப்பலோடை வரைபடத்தை விரித்து, அதன்மேலேயே மண்ணை வைத்தேன். "தொட்டுப் பாருங்க சார்" என்றேன். அவர் தொடவில்லை.

"இது யார் கொடுத்த அறிக்கை என்று எல்லோருக்கும் தெரியும், கிருபாநிதி" என்றார்.

"தெரியட்டும் சார். வேறு யாரை வேண்டுமானாலும் விட்டு, வேறு எந்த இயந்திரத்தை வேண்டுமானாலும் வைத்து, அதே இடத்தில் துளை போடச் சொல்லுங்கள். களிமண் வராவிட்டால் நான் ராஜினாமா எழுதித் தருகிறேன்."

"அதுவரைக்கும்?"

"அந்தப் பகுதி வரைபடங்களைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். என் கையெழுத்தோடு அங்கே ஒரு பைல்கூட இறங்கக் கூடாது."

என் குரல் நடுங்கியது. நீ பக்கத்தில் இருந்திருந்தால் கண்டுபிடித்திருப்பாய். மற்றவர்களுக்குத் தெரிந்ததா என்று தெரியவில்லை.  அவர் கையை நீட்டி, அந்த மண்ணை விரலால் தொட்டார். கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார். கூட்டம் முடிந்தது என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டார்.

அன்று மாலையே என்னைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டார்கள். தண்டனை என்று யாரும் சொல்லவில்லை. 'விசாரணை முடியும்வரை.' ஜன்னலோரம் ஒரு மேசை கொடுத்திருக்கிறார்கள். வேலை எதுவும் கொடுக்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் என் எதிரே வந்து உட்காருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது ஜெப்ஸி. தப்புச் செய்துவிட்டேனோ என்ற பயம் இல்லை. இனி என்னை எங்கே வைப்பார்கள் என்கிற பயம்.

இன்னொன்று. நீ எழுதியிருந்த அந்தப் பதிலை, ராடு இறங்கியபோது என் ஞாபகமே இல்லை என்றதை, முதலில் படித்தபோது வலித்தது. இப்போது அப்படி இல்லை. உன்னைக் கல்யாணம் செய்யக் கேட்டபோது எனக்குப் பிடித்திருந்ததே அந்தக் குணம்தான். நடுவில் மறந்துபோனேன்.

கிருபா


தூத்துக்குடி
ஜூன் 20, 2025

அத்தான்,

உங்கள் ஏப்ரல் கடிதத்துக்கு நான் அப்போது போட்ட பதில் நாலே நாலு வரி. அன்று என்னால் அவ்வளவுதான் முடிந்தது. இப்போது எழுதச் செய்தி இருக்கிறது.

கூட்டத்தில் நீங்கள் கேட்டபடியே, மூன்று இயந்திரங்கள் வந்தன. ஆட்களும் புதியவர்கள், வேறு ஊர்க்காரர்கள். என்னை வேலிக்கு வெளியே நிற்கச் சொன்னார்கள். என் ஒப்பந்தம் முடிந்துவிட்டதால் அது நியாயம்தான். அண்ணாச்சியின் கொட்டகையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் துளையிலேயே, அங்கிருந்து ஒரு சத்தம் கேட்டது. சுடலைக்கண்ணன் அண்ணன் அன்றைக்குப் போட்ட அதே கூச்சல், வேறு ஒருவர் வாயிலிருந்து, இந்தியில். மொழி புரியாத அண்ணாச்சியே "ராடு எறங்கிட்டும்மா!" என்று எழுந்துவிட்டார்.

இரண்டு நாள் கழித்துத் தேவபிரசாதம் சார் வந்தார். செருப்பு சேற்றில் மாட்டிக்கொள்ள, வெறுங்காலோடு கொட்டகைக்கு நடந்து வந்தார். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. இரண்டு டீ சொன்னார். குடித்து முடித்துவிட்டு, "அடுத்த துளை எங்கன போடணும்னு நீங்களே வந்து காட்டுங்க மேடம்" என்றார். போய்க் காட்டினேன். மறுநாளே ஒப்பந்தத்தை நீட்டித்துக் கடிதம் வந்தது.

இப்போது அந்தப் பட்டை முழுவதும் தெரிந்துவிட்டது. அரை கிலோமீட்டருக்கும் குறைவான அகலம். கொஞ்சம் தள்ளியிருந்தால் பாதை அதைத் தொட்டே இருக்காது. ஆனால் பாதை நகராது, அது ஏன் என்று நீங்களே அண்ணாச்சிக்கு எழுதியிருக்கிறீர்கள். அவர் அந்தப் பத்தியை மட்டும் என்னிடம் எழுதி வாங்கிக் கொட்டகையில் மாட்டி வைத்திருக்கிறார்.

களிமண்ணுக்கு அடியில் என்ன என்பதைச் சொல்லவே இல்லையே. போன வாரம் சுடலைக்கண்ணன் அண்ணனையும் திரும்ப வரவழைத்துவிட்டார்கள். புதிதாக வந்த நீளக் கம்பிகளை ஒன்றன்பின் ஒன்றாக இறக்கிக்கொண்டே இருந்தார். களிமண், மணல், மறுபடி களிமண், உருண்டைக் கற்கள். நாற்பத்தொன்றாவது மீட்டரில் ஒரு சத்தம். முதல் பாறையின் சத்தம் போல இல்லை. கனமாக, சீராக.

"இதுதான் மேடம்" என்றார் அவர். மெதுவாகத்தான் சொன்னார்.

"நிப்பாட்டாதீங்க."

"நிப்பாட்டச் சொன்னாலும் நிப்பாட்ட மாட்டேன்."

ஐந்து மீட்டர் அதற்குள்ளேயே போய்ப் பார்த்தோம். மேலே வந்த கல்லைக் கழுவிக் கையில் வாங்கினேன். கறுப்பும் வெளிர் சிவப்புமாகக் கோடு கோடாக, ஈரத்தில் மின்னிக்கொண்டு. சூரிய வெளிச்சத்தை அது பார்ப்பது அன்றுதான் முதல் தடவை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. உப்புக் காற்று என்று சொல்லிச் சமாளித்தேன்.

பிளாரன்ஸ் மேடம் சிப்பிகளின் வயதைக் கண்டுபிடிக்க வெளியூருக்கு அனுப்பியிருக்கிறார். விடை வர மாதங்கள் ஆகுமாம். தினமும் என்னைப் பார்த்ததும் "வந்துச்சா?" என்று நான் கேட்க வேண்டிய கேள்வியை அவரே கேட்கிறார்.

உங்களை மறுபடி குழுவில் சேர்த்துவிட்டார்கள், புதிய பைல்களை நீங்களே வரைகிறீர்கள் என்று தேவபிரசாதம் சார் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நீங்கள் எழுதவில்லை. நல்ல செய்தியைக்கூடக் கடைசியாகத்தான் எனக்குச் சொல்வீர்களா?

ஜெப்ஸி


சென்னை
செப்டம்பர் 16, 2025

ஜெப்ஸி,

ஊர் வந்து சேர்ந்துவிட்டேன். ரயிலில் தூங்கவில்லை. நேற்று நடந்ததை நீயும் பக்கத்தில் நின்று பார்த்தாய். ஆனாலும் எழுதத் தோன்றுகிறது. நான் பார்த்தது எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியாதல்லவா?

சுமை சோதனைக்கு ஆபீஸ் சார்பில் என்னை அனுப்பினார்கள். ஜீப்பிலிருந்து இறங்கியதும் உன்னைத்தான் தேடினேன். ஹெல்மெட்டும் மூக்குத்தியுமாக நீ வந்து, "வாங்க சார், இந்தப் பக்கம் சேறு, பாத்து வாங்க" என்றாய். "சரி மேடம்" என்றேன். சுடலைக்கண்ணன் திரும்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தது எனக்குத் தெரிந்தது.

சோதனைக்கு இறக்கிய அந்த ஒற்றை பைல், களிமண் முழுவதையும் தாண்டி உன்னுடைய கோடு போட்ட கல்லில் ஊன்றி நின்றது. அதன் தலைக்கு மேல் கான்கிரீட் கட்டைகளை ஒரு வீடு உயரத்துக்கு அடுக்கியிருந்தார்கள். ரயிலும் தூணும் சேர்ந்து கொடுக்கும் பாரத்தைவிட அதிகம். ஜாக்கியால் கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் பாரத்தைப் பைலின் மேல் இறக்கினார்கள். கைக்கடிகாரம் அளவு ஒரு கருவி, அதில் ஒரு முள். அது நகர்ந்தால் பைல் இறங்குகிறது. நகராவிட்டால் நிற்கிறது. இரண்டு வருஷ வேலை, உன் ஏழு மாதம், தேவபிரசாதம் சாரின் தூக்கம், எல்லாம் அந்த முள்ளில் இருந்தது.

முள் நகர்ந்தது. நகரத்தான் செய்யும் என்று எனக்குத் தெரியும், கான்கிரீட்டே கொஞ்சம் அமுங்கும். தெரிந்தும் கருவியின் பக்கம் குனிந்துவிட்டேன். இன்னும் கொஞ்சம் நகர்ந்தது. அப்போது நீ என் பக்கத்தில் வந்து நின்றாய். சாரும் மேடமும் அப்படி ஒட்டி நிற்கக் கூடாது. முழுப் பாரமும் ஏறியது. முள் நின்றது. எல்லோரும் பார்த்துக்கொண்டே இருந்தோம். நின்றது நின்றபடி இருந்தது. அண்ணாச்சிதான் முதலில் வாயைத் திறந்தார்: "அவ்வளவுதானா? இதுக்கா இத்தனை கூட்டம்?"

நீ சிரித்தாய். எத்தனை மாதம் கழித்து அந்தச் சிரிப்பைக் கேட்கிறேன் என்று நான் கணக்குப் பார்க்கவில்லை.

பிறகு எமில்டா அக்கா வீட்டில் சாப்பிட்டோம். உன் அறையைப் பார்த்தேன். கட்டிலுக்கு அடியில் மண் பெட்டிகள், ஜன்னலில் கிரேன்கள். சென்னை வீட்டை நீ நேசித்திருக்கவே மாட்டாய் என்று அங்கே நின்றபோது எனக்குப் புரிந்தது. அங்கேயே கேட்டிருக்க வேண்டும். வண்டிக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டேன். உண்மையில் நேரம் இருந்தது.

இப்போது கேட்கிறேன். தூத்துக்குடி தள அலுவலகத்தில் ஒரு டிசைன் இடம் காலியாக இருக்கிறது. இப்போது இருப்பதைவிட ஒரு படி கீழே. தேவபிரசாதம் சாருக்குக் கீழே வேலை பார்க்க வேண்டும். விண்ணப்பத்தை நிரப்பி வைத்திருக்கிறேன். அனுப்பவில்லை. நீ வேண்டாம் என்றால் அனுப்ப மாட்டேன், கோபமும் பட மாட்டேன். இந்தக் கடைசிச் சொல் முழு உண்மை இல்லை. கொஞ்சம் படுவேன். ஆனால் கத்த மாட்டேன்.

என்ன சொல்கிறாய்?

கிருபா


தூத்துக்குடி
செப்டம்பர் 22, 2025

அத்தான்,

அனுப்புங்கள்.

எமில்டா அக்காவிடம் கேட்டேன். கீழ்ப் பகுதி நவம்பரில் காலியாகிறது. குழாயில் வருகிற தண்ணீர் உப்பு. குடிதண்ணீர் லாரி ஒருநாள் விட்டு ஒருநாள் வரும், அதைப் பிடித்து வைப்பது உங்கள் வேலை. நான் காலையில் வெளிச்சம் வருவதற்குள் சைட்டுக்குக் கிளம்பிவிடுவேன். அக்கா மண் பெட்டிகளை எடுத்துவிடச் சொன்னார். எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். நீங்களும் சொல்லிப் பார்க்க வேண்டாம்.

அடுத்த பைல் வருகிற திங்கட்கிழமை தொடங்குகிறது. மழை தொடங்குவதற்கு முன் எத்தனை முடியுமோ அத்தனை. பட்டையின் வடக்கு ஓரத்தில், களிமண்ணுக்கும் பாறைக்கும் நடுவே நம் இரண்டு பேருக்கும் தெரியாத ஒரு படலம் வந்திருக்கிறது. பச்சை நிறம். என்னவென்று எனக்குப் பிடிபடவில்லை. உங்களுக்குக் காட்ட ஒரு குழாயை மூடி வைத்திருக்கிறேன். தபாலில் அனுப்பப் போவதில்லை. இங்கே வந்துதான் பார்க்க வேண்டும்.

வரும்போது முட்டி வரைக்கும் வருகிற ரப்பர் பூட்ஸ் வாங்கி வாருங்கள். இங்கே உங்கள் அளவு கிடைக்காது. எனக்கும் ஒரு ஜோடி.

ஜெப்ஸி